பட்டன் ஒன்று கூடுதலாக வேண்டும்!

ஊர்க் கோவிலுக்கோ, பள்ளிக்கோ, உங்கள் கடைக்கோ ஓர் இணையதளம் நடத்துகிறீர்களா? அப்படியென்றால் வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல் என்ற மூன்று பெயர்களில் ஒன்றாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவற்றை சி.எம்.எஸ். என்பார்கள். கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கம் இது. எச்.டி.எம்.எல். ஒரு வரிகூடத் தெரியாதவரும் தலைப்பை டைப் செய்து, படத்தை இணைத்து, பப்ளிஷ் பட்டனை அழுத்தினால் பக்கம் தயாராகிவிடும்.

பயன்படுத்தத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும். "இதில் இந்த வசதியும் இருந்தால் நன்றாக இருக்குமே!" அந்த ஆசையை எழுதி அனுப்பினால் அது எங்கே போகிறது? யார் படிக்கிறார்கள்? ஏன் பல கோரிக்கைகளுக்கு "முடியாது" என்றே பதில் வருகிறது? நான்கு ஆண்டுகளாகப் பதில் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நான். என் சொந்த ஊர் மதுக்கரை, வேலை கோவையில் ஒரு சிறிய சாப்ட்வேர் நிறுவனத்தில். பள்ளிகளுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கும் நாங்களே எழுதிய ஒரு சி.எம்.எஸ். வைத்திருக்கிறோம். கோரிக்கைகளைப் படித்து வகைப்படுத்துவது என் பொறுப்பு.

மூன்று முறை மூடிய கோரிக்கை

எங்கள் சாப்ட்வேரைப் பயன்படுத்தும் பள்ளி ஒன்று மதுக்கரையில் இருந்து பாலக்காடு போகும் ரோட்டுப் பக்கம் உள்ளது. பள்ளியின் தளத்தைக் கவனித்துக்கொள்பவர் அலுவலக உதவியாளரான ஒரு அக்கா. அவரிடமிருந்து ஒரு நாள் இப்படி ஒரு கோரிக்கை வந்தது: "பாஸ்வேர்ட் கேட்காமல் இருக்க வேண்டும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாஸ்வேர்ட் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பள்ளித் தளத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாமே! "பாதுகாப்புக் காரணங்களால் இயலாது" என்று பதில் போட்டு மூடிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, "ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் பாஸ்வேர்ட் கேட்டால் போதும்" என்று எழுதினார். பிரவுசரிலேயே பாஸ்வேர்டை சேமித்து வைக்கும் முறையை விளக்கிவிட்டு அதையும் மூடினேன். மூன்றாவது முறை எழுதியது: "சேவ் செய்யும்போது பாஸ்வேர்ட் கேட்கக் கூடாது." ஏற்கெனவே வந்த கோரிக்கைதானே என்று 'டூப்ளிகேட்' என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் "சேவ் செய்யும்போது" என்ற இரண்டு சொற்கள் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

சில வாரங்களுக்குப் பிறகு வேறு வேலையாக அந்தப் பள்ளிக்குப் போனேன். அட்மிஷன் நேரம். அக்கா ஒரு சுற்றறிக்கையை டைப் செய்துகொண்டிருந்தார். நான்கு வரி அடிப்பார், ஒரு பெற்றோர் ரசீது கேட்டு வருவார். எழுந்து போய்த் திரும்பி வந்து இரண்டு வரி அடிப்பார், போன் வரும். தமிழ் டைப்பிங் வேறு அவருக்குப் புதிது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. சேவ் பட்டனை அழுத்தினார். லாகின் பக்கம் வந்தது! பாஸ்வேர்ட் கொடுத்தார். முகப்புப் பக்கம் வந்தது. அடித்தது அத்தனையும் போயிற்று.

"ஏனுங் தம்பி, இதத்தானுங்க மூணு தடவை எழுதுனேன்" என்றார். கோபம்கூட இல்லை, அலுப்புதான்.

நடந்தது இதுதான். எங்கள் சி.எம்.எஸ். பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டது. நீங்கள் லாகின் செய்ததும் சர்வரில் உங்களுக்காக 'செஷன்' என்ற ஒரு சிறு பைல் உருவாகும். நீங்கள் யார் என்று சர்வர் நினைவில் வைத்திருப்பது அதை வைத்துத்தான். ஒரு செஷன் எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் அழித்துவிடலாம் என்பதற்கு பி.எச்.பி.யில் வழக்கமான அளவு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். நாங்கள் அதை மாற்றவில்லை. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. நீங்கள் விடாமல் டைப் செய்துகொண்டிருந்தாலும் அது உங்கள் பிரவுசருக்குள் மட்டுமே நடக்கிறது. சேவ் அழுத்தும் வரை சர்வருக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. சர்வரைப் பொறுத்தவரை அக்கா முக்கால் மணி நேரமாகக் காணாமல் போனவர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 24 நிமிடம் முடிந்த அந்த நொடியே செஷன் அழிந்துவிடாது. காலாவதியான செஷன்களைப் பெருக்கித் தள்ளும் வேலை எப்போது நடக்கிறதோ அப்போதுதான் அழியும். அதனால் சில நாள் ஒரு மணி நேரம் கழித்து சேவ் செய்தாலும் ஒன்றும் ஆகாது. ஆபீசில் வேகமாக டைப் செய்யும் எங்களில் ஒருவருக்குக்கூட இது நடந்ததே இல்லை.

இதன் விலை என்ன தெரியுமா? அதற்கு முன் ஒரு கல்வி உதவித்தொகை அறிவிப்பு இரண்டு முறை இப்படிப் போயிருக்கிறது. வெறுத்துப்போய் அதைத் தளத்தில் போடாமல் நோட்டீஸ் போர்டில் மட்டும் ஒட்டிவிட்டார்கள். கடைசி நாள் முடிந்து இரண்டு நாள் கழித்து இரண்டு பெற்றோர் விண்ணப்பம் கேட்டு வந்தார்களாம். தளத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்றார்களாம். இதை அக்கா சொன்னபோது நான் பதில் ஏதும் சொல்லவில்லை.

தீர்வு ஒன்றும் கடினம் இல்லை. எடிட்டர் பக்கம் திறந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன்" என்று பிரவுசர் சர்வருக்கு ஒரு சிறு செய்தி அனுப்பும்படி செய்தோம். டைப் செய்வதை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜிலும் அவ்வப்போது சேமித்தோம். கரன்ட் போனாலும் எழுதியது கம்ப்யூட்டரிலேயே பத்திரமாக இருக்கும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையில் இருந்து மாலை வரை மின்தடை வரும் ஊர்களில் இது சும்மா ஒரு வசதி இல்லை! லாகின் பக்கம் வந்தே தீர வேண்டுமென்றால், அது எழுதும் பக்கத்தின் மேலேயே ஒரு சிறு ஜன்னலாகத் திறக்கும்படி செய்தோம். பாஸ்வேர்ட் அப்படியேதான் இருக்கிறது. இதில் எதுவும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2013 ஆகஸ்டில் வெளியான வேர்ட்பிரஸ் 3.6 பதிப்பிலேயே இவை மூன்றும் வந்துவிட்டன. அந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஹார்ட்பீட்', இதயத் துடிப்பு.

கோரிக்கைப் படிவத்தை மாற்றினோம்

முன்பு எங்கள் படிவத்தில் "என்ன வசதி வேண்டும்?" என்று ஒரே ஒரு பெட்டி இருந்தது. இப்போது மூன்று கேள்விகள் இருக்கின்றன. என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? என்ன நடந்தது? இப்போது அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். "முதலில் நோட்பேடில் அடித்துவிட்டுப் பிறகு காப்பி செய்து ஒட்டுகிறேன்" என்று ஒருவர் எழுதினால், எங்கள் எடிட்டரை அவர் நம்பவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

பயனர் கேட்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அதன் அடியில் இருக்கும் தேவையைத் தேட வேண்டும் என்று எங்கள் துறையில் அடிக்கடி சொல்வார்கள். அந்த அறிவுரையையும் நான் அளவோடுதான் நம்புகிறேன். அதே பள்ளியில் இருந்து "பிரிண்ட் பட்டன் வேண்டும், வரிகளுக்கு நடுவில் நிறைய இடம் விட வேண்டும்" என்று ஒரு கோரிக்கை வந்தது. விசாரித்ததில், தலைமை ஆசிரியர் ஒவ்வொரு அறிவிப்பையும் காகிதத்தில் படித்து, பச்சை மையில் திருத்தி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது தளத்தில் ஏறும் என்று தெரிந்தது. ஆகா, இவர்களுக்கு வேண்டியது பிரிண்ட் இல்லை, ஒப்புதல் முறை! மூன்று வாரம் உழைத்து, தலைமை ஆசிரியருக்குத் தனி லாகின், 'ஒப்புக்கொள்கிறேன்', 'திருத்துக' என்று இரண்டு பட்டன்கள் எல்லாம் செய்து கொடுத்தோம். அவர் ஒரு முறை லாகின் செய்து பார்த்தார். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். மறுநாளும் காகிதம்தான் கேட்டார். கடைசியில் அரை நாளில் பிரிண்ட் பட்டனைச் செய்து கொடுத்தோம். தினமும் பயன்படுகிறது. அந்த ஒப்புதல் வசதி யாரும் தொடாமல் மெனுவில் கிடக்கிறது. எடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எடுப்பதும் எளிதல்ல என்பதுதான் வேதனை. ஒரு பட்டனைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அதைச் சோதிக்க வேண்டும், உதவிப் பக்கம் எழுத வேண்டும், பாதுகாப்பு ஓட்டை உண்டா என்று பார்க்க வேண்டும். பத்துப் பேர் கேட்டார்கள் என்று பத்து பட்டன்கள் வைத்தால், பதினொன்றாவதாக வருபவருக்கு எழுதும் இடமே கண்ணில் படாது.

பெரியவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

எங்களைப் போன்ற சிறு கடைக்கே இந்தப் பாடு என்றால் வேர்ட்பிரஸின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2003 மே 27 அன்று மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வெளியிட்ட சாப்ட்வேர் அது. இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன. ஒரு வசதியை மூல சாப்ட்வேரில் சேர்ப்பதற்கு அவர்கள் வெளிப்படையாக வைத்திருக்கும் அளவுகோல், பயனர்களில் 80 சதவீதம் பேராவது அதை விரும்பிப் பயன்படுத்துவார்களா என்பதுதான். இல்லையென்றால் பிளகின். தனியே எழுதி வேண்டியவர்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே "முடியாது" என்று வேர்ட்பிரஸ் சொன்னால் பெரும்பாலும் "இங்கே முடியாது" என்றுதான் பொருள்.

வேர்ட்பிரஸ் கோரிக்கைகள் 'ட்ராக்' என்ற பொதுப் பட்டியலில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூடிய கோரிக்கைகளில் 'வோன்ட்ஃபிக்ஸ்' என்று இருந்தால் செய்யப் போவதில்லை, 'மேபிலேட்டர்' என்றால் பிறகு பார்க்கலாம், 'வொர்க்ஸ்ஃபார்மி' என்றால் எங்கள் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருக்கிறது என்று பொருள். இந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் அந்த அக்கா ஞாபகம்தான் வருகிறது.

2001-ல் ட்ரைஸ் பாய்டார்ட் வெளியிட்ட ட்ரூபலில் இன்னொரு அழகான வழக்கம் உண்டு. வெளியே மாட்யூலாக இருப்பது எல்லோருக்கும் இன்றியமையாததாக ஆகிவிட்டால் அதை உள்ளே எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு வேண்டிய கட்டங்களை நீங்களே அமைத்துக்கொள்ள உதவிய சி.சி.கே. மாட்யூலின் முக்கிய பகுதிகள் 2011-ல் ட்ரூபல் 7-க்குள் சென்றன. பட்டியல்கள் தயாரிக்கும் வியூஸ் மாட்யூல் 2015-ல் ட்ரூபல் 8-க்குள் சென்றது. ஒரு மாட்யூலை ஆயிரக்கணக்கான பேர் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துவதைவிட வலுவான கோரிக்கை என்ன இருக்க முடியும்?

பயனர்கள் கேட்காததைக் கொடுத்தும் சிக்கல் வரும். 2018 டிசம்பர் 6 அன்று வந்த வேர்ட்பிரஸ் 5.0 பழைய எடிட்டரை மாற்றி, 'குட்டன்பெர்க்' என்ற பிளாக் எடிட்டரைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. பழையது வேண்டும் என்பவர்களுக்காக 'கிளாசிக் எடிட்டர்' என்ற பிளகினை வேர்ட்பிரஸ் குழுவே கொடுத்தது. 2021-ஓடு முடித்துக்கொள்வதாகத்தான் முதலில் திட்டம், முடிக்க முடியவில்லை. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அது இருக்கிறது.

தமிழுக்கு 22 எழுத்துதான்!

இனி நம் வீட்டுப் பிரச்சினைக்கு வருவோம். வேர்ட்பிரஸில் "மதுக்கரை மாரியம்மன் கோவில் திருவிழா அழைப்பிதழ்" என்று தலைப்புக் கொடுத்து வெளியிட்டுப் பாருங்கள். பக்கத்தின் முகவரி "மதுக்கரை-மாரியம்மன்-கோவி" என்று பாதியில் நின்றுவிடும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு 'ஸ்லக்' என்று பெயர். டேட்டாபேஸில் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழிலோ யூனிகோட் குறி ஒவ்வொன்றும் யு.டி.எப்.-8 முறையில் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாற்றி எழுதப்படுகிறது. ஆக, ஒரு குறிக்கு 9 இடம். 200-ஐ 9 ஆல் வகுத்தால் 22 தான் வரும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள் என்பதை மறக்க வேண்டாம். 'க்' என்பதே இரண்டு! மேலே சொன்ன தலைப்பில் மதுக்கரைக்கு 8, மாரியம்மனுக்கு 10, மிச்சம் இருந்தது கோவிலில் 4 குறிக்குத்தான்.

"200-ஐ 1000 ஆக்கினால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். தமிழ், இந்தி, தாய் என்று பல மொழிக்காரர்களுக்கும் உள்ள குறைதான் இது. ஆனால் ஒவ்வொரு தளத்தின் டேட்டாபேஸ் டேபிளையும் அப்டேட் செய்யும்போது மாற்ற வேண்டியிருக்கும். ஏதோ ஒரு மலிவான ஹோஸ்டிங்கில் லட்சக்கணக்கான பதிவுகளோடு இருக்கும் தளம் நடுவழியில் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது? 2015-ல் வேர்ட்பிரஸ் 4.2 வந்தபோது, எமோஜி உட்பட எல்லாக் குறிகளையும் சேமிப்பதற்காக ஒரு குறிக்கு 4 பைட் வரை ஒதுக்கும் முறைக்கு மாறினார்கள். மைஎஸ்கியூஎல் இண்டெக்ஸுக்கு அன்று இருந்த 767 பைட் வரம்புக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக, இதே ஸ்லக்கின் இண்டெக்ஸை 191 குறியாக வெட்ட வேண்டி வந்தது. வெளியே இருந்து பார்த்தால் ஓர் எண்ணை மாற்றும் வேலை. உள்ளே போனால் இவ்வளவு இருக்கிறது.

உங்களுக்கு உடனடித் தீர்வு இதுதான். பப்ளிஷ் செய்வதற்கு முன்பே ஸ்லக் பெட்டியில் "திருவிழா-2026" என்பது போலச் சுருக்கமாக நீங்களே டைப் செய்துவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. மற்றவர்கள் பகிர்ந்த பழைய முகவரியை வேர்ட்பிரஸ் பெரும்பாலும் புதியதற்குத் திருப்பிவிடும் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

ஆலமரத்தடியில் பஞ்சாயத்து

கோரிக்கைகளைக் கையாள்வதில் எனக்குப் பிடித்தது தமிழ் விக்கிப்பீடியாவின் முறை. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா மீடியாவிக்கி என்ற சாப்ட்வேரில் இயங்குகிறது. அங்கே பொதுவான உரையாடலுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதன் பெயர் ஆலமரத்தடி. தளத்தின் அமைப்பில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் முதலில் அங்கே பேசி உடன்பாடு காண வேண்டும். பிறகு அந்த உரையாடலுக்கு லிங்க் கொடுத்து, விக்கிமீடியாவின் புரோகிராமர்களிடம் முறையாகக் கோரிக்கை வைக்க வேண்டும். 2014 நவம்பர் வரை பக்சில்லாவில், அதன் பிறகு பேப்ரிகேட்டரில். ஒருவரின் ஆசையா, ஊரின் தேவையா என்பது புரோகிராமருக்குப் போவதற்கு முன்பே தெளிவாகிவிடும்.

தமிழில் டைப் செய்யும் வசதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலையாள விக்கிப்பீடியாவில் இருந்த தட்டச்சுக் கருவியில் இருந்து வளர்ந்த 'நாராயம்' என்ற மீடியாவிக்கி இணைப்பு 2011-ல் இந்திய மொழி விக்கிகளுக்கு வந்தது. நாராயம் என்றால் மலையாளத்தில் எழுத்தாணி. 2013-ல் அதன் இடத்தை 'யுனிவர்சல் லாங்வேஜ் செலக்டர்' பிடித்தது. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடிப்பவருக்கு எழுத்துப்பெயர்ப்பு, 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 கற்றவருக்கு அது, இலங்கையில் பழகியவருக்கு பாமினி. ஒன்று மட்டும் போதும் என்று முடிவு செய்ய முடியாத இடம் இது. 80 சதவீதக் கணக்கு இங்கே செல்லாது!

அந்தக் கருவியோடு எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்களுக்காக வெப்ஃபான்ட் வசதியும் வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் பக்கங்கள் திறக்கத் தாமதமாகின. 2014 ஜனவரியில் இந்தக் கருவியைத் தானாக இயங்காதபடி நிறுத்திவைத்துச் சரி செய்தார்கள். மீண்டும் வந்தபோது வெப்ஃபான்ட் விரும்பியவர்களுக்கு மட்டும் என்று ஆனது.

நீங்கள் எழுதும்போது

வேர்ட்பிரஸோ வேறு எதுவோ, உங்கள் கோரிக்கையை அனுப்பும் முன் பிளகின் பட்டியலில் ஒரு முறை தேடிவிடுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே கிடைத்துவிடும். பிளகினைப் போடுவதற்கு முன், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாத பிளகின் ஆபத்து. ஒரு கோரிக்கையில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். நான்கு ஆசைகளை ஒரே கடிதத்தில் எழுதினால் நான்கில் எளிதானதைச் செய்துவிட்டு மூடிவிடுவோம். நானே செய்திருக்கிறேன். பதிப்பு எண்ணைக் குறிப்பிடுங்கள், திரையைப் படம் எடுத்து இணையுங்கள். "அவசரம்" என்று எழுதுவதைவிட, அது இல்லாததால் எந்த வேலை நின்றது என்று எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்க வேண்டாம். இலக்கணப் பிழைக்காக எந்தக் கோரிக்கையையும் யாரும் மூடுவதில்லை. முதல் முறை மூடிவிட்டால், அதையே திரும்ப அனுப்பாமல், என்ன நடக்கிறது என்பதைப் படிப்படியாக எழுதி அதே கோரிக்கையைத் திறக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் அந்தப் பள்ளியில் இருந்து இன்னொரு கோரிக்கை வந்தது. "எடிட்டரில் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும்." எடிட்டருக்கு எழுத்தளவு மெனு ஒன்று வைத்துவிடலாம் என்று பக்கத்து சீட் நண்பர் சொன்னார். நான் அக்காவுக்கு போன் செய்தேன். எங்கள் எடிட்டர் மட்டும் இல்லையாம், எந்தத் தளமும் தெரியவில்லையாம். பள்ளியில் புது மானிட்டர் வாங்கியிருக்கிறார்கள், ரெசல்யூஷன் அதிகம், எல்லாமே பொடியாகத் தெரிகிறது. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டச் சொன்னேன். மூன்று முறை தட்டினார். போதும் என்றார். பழைய அளவுக்கு வர கன்ட்ரோலும் பூஜ்யமும் என்று சொல்லிவிட்டு, எங்கள் உதவிப் பக்கத்தில் அதை முதல் வரியாகச் சேர்த்துவிட்டு, கோரிக்கையை மூடினேன்.